இன்ஜின் போனது, பழி மட்டும் என் தலையில்

கார் இன்ஜின் போய்விட்டது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள், "ஆயில் பாத்தீங்களா?" என்பார் ஒருவர். "ரொம்ப விரட்டுவீங்களோ?" என்பார் அடுத்தவர். "வெளியில எங்கயும் சர்வீஸுக்கு விட்டீங்களா?" என்பார் இன்னொருவர். சொந்தக்காரர்கள், அலுவலகத்து நண்பர்கள், ரெக்கவரி வண்டி ஓட்டி வந்த பையன் தொடங்கி, ஷோரூமின் ஒர்க்ஷாப் மேனேஜர் வரை எல்லாருக்கும் என்மேல்தான் சந்தேகம். வண்டியைச் செய்தவர்கள் சரியாகச் செய்தார்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். இதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

கார் 2021இல் வாங்கியது. பெட்ரோல், மூன்று சிலிண்டர், டர்போ. ஏழு வருஷத் தவணையில் பாதிக்கு மேல் பாக்கி நின்றது. ஓடியது நாற்பதாயிரம் கிலோமீட்டர் சொச்சம். வாரண்டி மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. கிலோமீட்டர் பாதியைக்கூடத் தொடவில்லை, வருஷம் முந்திக்கொண்டது. வாரண்டி முடிந்த நான்காம் மாதம் இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது. முதல் சர்வீஸிலிருந்து எல்லாமே அந்தக் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் செய்தவை. ஆயில் அவர்கள் ஊற்றியது, ஃபில்டர் அவர்கள் மாட்டியது, பில் அத்தனையும் ஃபைலில் இருக்கின்றன. அப்பா லாரி செட்டில் வேலை பார்த்தவர். டிப்ஸ்டிக்கை இழுத்து, துணியில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டில் சிறு வயதிலிருந்தே பழக்கம். அதனால்தான் அந்த முதல் கேள்வி அவ்வளவு சுடுகிறது.

கோவில்பட்டியில் ஒரு கல்யாணம் முடித்துத் திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்குவழிச் சாலையில் கயத்தாறு தாண்டியதும் அடியில் கடகடவென்று சத்தம். ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சத்தமும் ஏறியது. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுவதற்குள் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது, அதோடு இன்ஜினும் நின்றது. ஸ்டியரிங் கனத்துப்போனது. பிரேக் இரண்டு மிதிக்கு மேல் இறங்க மறுத்தது. பின்னால் வந்த டிரெய்லர் ஹாரனை விடாமல் அடித்தபடி உரசினாற்போல விலகிப் போனது. பின் சீட்டில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். 1033க்கு அடித்து, ரோந்து வண்டி வந்து கூம்புகளை வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இந்தக் காரைப் பற்றிப் பணக்கணக்கு பேசும்போதெல்லாம் அந்த டிரெய்லர்தான் முதலில் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

"விளக்கு எரிஞ்சதும் நிறுத்தியிருந்தா இன்ஜின் தப்பியிருக்கும் சார்" என்று ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதே இல்லை. ஆயிலின் அழுத்தம் விழுந்த பிறகு எரிவது அது. கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் விடுகிற இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு, ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அந்தச் சந்தில் நிற்கிற ஆயில் படலம்தான் உலோகத்தை உலோகத்தோடு உரசவிடாமல் தாங்குகிறது. படலம் அறுந்துவிட்டால் அப்புறம் விநாடிக் கணக்குதான். எனக்கோ முதலில் சத்தம் வந்தது, பிறகுதான் விளக்கு எரிந்தது. பேரிங் முதலில் தேய்ந்து, இடைவெளி அகன்று, அதனால் அழுத்தம் இறங்கியது என்றால்தான் இந்த வரிசை பொருந்தும். ஆயில் குறைவுதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், பத்து அங்குலத் திரையும் சன்ரூஃபும் வைக்க முடிந்தவர்களுக்கு, ஆயில் அளவு இறங்கும்போதே சொல்கிற ஒரு சென்சாரை வைக்க முடியாமல் போனது ஏன்?

ஒர்க்ஷாப்பில் இன்ஜினின் ஆயில் சம்ப்பைக் கழற்றிய அன்று நான் பக்கத்தில் நின்றேன். ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தபோது, ஒவ்வொரு மடிப்பிலும் மினுமினுவென்று உலோகத் தூள். நடு சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங், விரலால் அழுத்தினால் வளைகிற அளவுக்குத் தேய்ந்து, தன் இடத்தில் நிற்காமல் சுழன்றிருந்தது. கிராங்க்கில் அந்த இடத்தில் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கோடுகள். இரு பக்கமும் இருந்த மற்ற இரண்டு பேரிங்குகளும் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தன. செல்போனில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஜாப் கார்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஏறியிருந்தது: போதிய ஆயில் இல்லாமல் வாகனம் ஓட்டப்பட்டுள்ளது.

"சம்ப்புல இருந்து வடிச்ச ஆயில் எத்தனை லிட்டர் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அளக்கலையே சார்."

"அந்த ஆயில் எங்க?"

"அது வேஸ்ட் டிரம்முக்குப் போயிருச்சு சார். எல்லா வண்டி ஆயிலும் அதுலதான் ஊத்துவோம்."

அளக்காத ஆயிலைக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்களே என்றதும் சர்வீஸ் அட்வைசர் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அப்படி எழுதச் சொல்லும் இடம் வேறு. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் கோளாறுக் குறியீடுகளின் பிரதி கேட்டேன். தர மாட்டோம், அது கம்பெனியின் உள்விஷயம் என்றார்கள். என் பணத்தில் வாங்கி என் பெயரில் ஆர்.சி. இருக்கிற வண்டி என் ஓட்டத்தைப் பதிந்து வைத்த கணக்கு, எப்படி அவர்களுடைய உள்விஷயம் ஆகும்?

எஸ்டிமேட் 2,38,000 ரூபாய். ஹாஃப் இன்ஜின் (கிராங்க்கும் பேரிங்கும் அடங்கிய கீழ்ப்பாதி), டர்போ, கேஸ்கட் செட், ஆயில் கூலர், கூலி. பாகங்களுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. (2025 செப்டம்பரில் அது 18 ஆகக் குறைந்தது, எனக்கு அது பிந்தி வந்தது.) இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரே வரியில் கையை விரித்தது. விபத்து இல்லாமல் இயந்திரம் தானே பழுதானால் வழக்கமான பாலிசி எதுவும் தராது. தண்ணீர் புகுந்தால் கைகொடுக்கிற கூடுதல் பாதுகாப்பு இதற்கு ஆகாது.

"எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டிருக்கலாமே சார்" என்று சொல்லாதவர்கள் பாக்கி இல்லை. அப்படிச் சொல்கிறவர்களிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். திருநெல்வேலி ஜங்ஷன் ஸ்டாண்டில் போய்ப் பாருங்கள், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜினில் கைவைக்காத டாக்ஸிகள் நிற்கின்றன. இன்ஜின் என்பது அப்படி உழைக்க வேண்டிய பொருள். பிரேக் பேடு, கிளட்ச், பேட்டரி தேயும், மாற்றுவோம். அதில் எனக்குச் சண்டை இல்லை. கிராங்க் பேரிங் நாற்பதாயிரத்தில் தேய்கிற சாமான் இல்லை. ஒன்பது லட்சத்துக்கு மேல் விலை வாங்கிவிட்டு, அது உழைக்கும் என்ற உறுதிக்குத் தனியாக ஒரு விலை கேட்பதே தவறு. வாங்காதவனைப் பார்த்து நீ ஏன் வாங்கவில்லை என்பது அதைவிடத் தவறு.

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஈமெயிலுக்கு மேல் ஈமெயில் போட்டேன். கடைசியில் ஏரியா மேனேஜர் வந்தார். தன்மையாகப் பேசினார். வாரண்டி முடிந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் பாகங்களின் விலையில் 40 சதவீதத்தைக் கம்பெனி ஏற்கும் என்றார். ஒரு கணம் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு தாளை நீட்டினார். இந்தச் சலுகையோடு எனக்கு முழுத் திருப்தி, இனி இந்த விஷயத்தில் எங்கும் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த வரிதான் என்னை நிறுத்தியது. கழற்றிய பழைய பாகங்கள் கம்பெனியின் சொத்து. அவற்றை எடுத்துப் போய்விடுவார்கள்.

"எதுக்கு சார் எடுத்துட்டுப் போறீங்க?"

"ஃபேக்டரிக்கு அனுப்பி அனாலிசிஸ் பண்ணுவாங்க சார். அது புரொசீஜர்."

"பண்ணின ரிப்போர்ட்டை எனக்கும் குடுப்பீங்களா?"

"அது கஸ்டமருக்குக் குடுக்கிறதில்ல சார்."

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஆயில் டிரம்முக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் பதிவு கம்பெனியிடம் இருக்கிறது. மிச்சம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பேரிங்கும் கிராங்க்கும். சுமார் எண்பதாயிரம் ரூபாயைத் தள்ளுபடி செய்து, அந்தச் சாட்சியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். நல்லெண்ணம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தனை குடும்பங்கள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கும்! போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தவணையும் கட்டி, பஸ்ஸிலும் போய், வண்டியை எடுக்காவிட்டால் நாளுக்கு இவ்வளவு என்று ஒர்க்ஷாப் கேட்கிற பார்க்கிங் கட்டணத்தையும் பார்க்கிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஓர் அண்ணாச்சியிடம் செல்போன் படங்களைக் காட்டினேன். லாரி கிராங்க் கிரைண்டிங் செய்தே தலை நரைத்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆயில் இல்லாம ஓடுன வண்டின்னா மூணு பேரிங்கும்லா கருகியிருக்கும் தம்பி. இதுல ரெண்டு நல்லாத்தான இருக்கு. நடுவுல உள்ளதுக்கு மட்டும் ஆயில் போவலன்னா, போற ஓட்டையில ஏதோ அடைச்சிருக்கு, இல்லன்னா மாட்டும்போதே கோளாறு. எதுவா இருந்தாலும் ஓட்டுனவன் கையில இல்ல. இந்த பேரிங்க மட்டும் கையவிட்டு விட்டுராதீங்க."

மனைவியின் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து முழுத் தொகையையும் கட்டினேன். எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டுகிறேன் என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய ஹாஃப் இன்ஜினைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 40 சதவீதத்தை உதறிவிட்டுச் சாக்கு மூட்டையைத் தூக்கி வருகிறானே என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். என் மனைவி அப்படி நினைக்கவில்லை. "நாம தப்பு செய்யலன்னா எதுக்கு நாம எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டவளே அவள்தான்.

அண்ணாச்சி சொன்னது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவில் 2015இல் ஹூண்டாய் நிறுவனம் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்களில் சுமார் 4,70,000ஐத் திரும்ப அழைத்தது. தீட்டா 2 என்ற இன்ஜினின் கிராங்க்கைக் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள்கள் முழுசாகக் கழுவப்படாமல் ஆயில் வழியில் தங்கி, ராட் பேரிங்குக்குப் போகிற ஆயிலை அடைத்துவிடலாம் என்பதுதான் காரணம். 2017இல் கியாவின் கார்களும் சேர்ந்து திரும்ப அழைப்பு பல மடங்கு விரிந்தது. அழைக்கத் தாமதித்ததற்காக 2020 நவம்பரில் அந்த நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இரு நிறுவனங்களோடும் செய்த உடன்பாட்டின் மதிப்பு மொத்தம் 21 கோடி டாலர். விஷயத்தை வெளியே சொன்ன கிம் குவாங்-ஹோ என்ற ஹூண்டாய் பொறியாளருக்கு அடுத்த ஆண்டு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தார்கள். என் கார் அந்த நிறுவனங்களுடையது இல்லை. அதே கோளாறுதான் என்றும் நான் சொல்ல வரவில்லை. அந்தத் துகள் விஷயம் வெளியே வரும்வரை அங்கேயும் எத்தனை பேரிடம் "ஆயில் மாத்துனதுக்குப் பில் எங்க?" என்று கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அங்கே அது வெறும் பழுது பார்க்கும் விஷயமாக நிற்கவில்லை. ஓடுகிற வண்டியில் இன்ஜின் நின்றால் விபத்து நடக்கும். ஆகவே அது பாதுகாப்புக் குறைபாடு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாடலைப் பற்றி வந்த புகார்களை அந்த அமைப்பின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். டீலர்களுக்குக் கம்பெனி அனுப்புகிற தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளும் அதே இடத்தில் கிடைக்கின்றன. நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 110ஏ பிரிவு வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வாகனங்களில் குறைபாடு பற்றிப் போதிய புகார்கள் சேர்ந்தால் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம்; அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையில் போகிற மற்றவர்களுக்கோ ஆபத்து உண்டாக்குகிற குறைபாடு என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. கயத்தாறு பக்கத்தில் எங்களை உரசிப் போன டிரெய்லர் அதில் சேராதா? ஆனால் இன்ஜின் போன ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வாயை மூடிக்கொண்டால், புகார்கள் எங்கே சேரும்? அந்தத் தாள் எண்பதாயிரத்தோடு நிற்கிற தாள் இல்லை. அடுத்த ஆளுக்கு விஷயம் தெரியாமல் பார்த்துக்கொள்கிற தாள்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் கோளாறு இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆறு மாதம் கொஞ்சம்தான். எனக்கு அது உதவியும் இருக்காது. ஆனாலும் நிரூபிக்கிற சுமையை யார் தோளில் வைப்பது என்பதில் அந்தச் சட்டத்துக்கு ஒரு தெளிவு இருக்கிறது. இன்ஜினை வரைந்தவர், வார்த்தவர், கடைந்தவர், மாட்டியவர், சர்வீஸ் செய்தவர் எல்லாரும் ஒரு பக்கம். சாவியைத் திருகி ஓட்டியவன் மறுபக்கம். நிரூபிக்க வேண்டியவன் ஓட்டியவன் என்றால் அது என்ன நியாயம்?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஜாப் கார்டில் இருந்த அதே வரியைக் கம்பெனி பதிலாக அனுப்பியது. அப்புறம்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். இதில் நல்லதையும் சொல்ல வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். என் கார் விலைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மேலே 15 நாள் வாங்கலாம், அதோடு சரி. சிக்கல் எங்கே என்றால், உற்பத்திக் கோளாறு என்று சொன்னால் நிபுணர் அறிக்கை எங்கே என்று கேட்பார்கள். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப 38ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுக்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட வேண்டும். வளையலை அடகு வைத்தவன் மறுபடி எதை வைப்பான்?

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் மறைமலைநகரிலும் லட்சக்கணக்கில் வண்டிகளும் இன்ஜின்களும் செய்து உலகத்துக்கே அனுப்பிய மாநிலம் இது. அந்த ஒரகடத்திலேயே வாகனங்களைச் சோதிக்கிற பெரிய அரசு ஆய்வு மையம் இருக்கிறது. அதன் வாசல் கம்பெனிகளுக்குத் தெரியும், திருநெல்வேலியில் சாக்கு மூட்டையோடு நிற்கிறவனுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. இயந்திரவியல் படித்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு பேரிங்கை எடுத்துப் பார்த்து, இது ஆயில் குறைந்து கருகியதா, ஆயில் வழி அடைத்து அரைபட்டதா என்று சொல்ல அவர்களால் முடியும். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியை ஆணையத்தோடு சேர்த்து, இத்தனை ரூபாய்க்கு இத்தனை நாளில் அறிக்கை என்று அரசு ஏற்பாடு செய்யலாம். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் ஆயிலை அளந்து, ஸ்கேன் எடுத்து, இரண்டு பிரதியிலும் வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்க வேண்டும் என்று விதி போடலாம். செலவு என்று பார்த்தால் ஓர் அளவு ஜாடியும் இரண்டு தாளும்தான்.

என் வழக்கில் நோட்டீஸ் போய், கம்பெனியும் டீலரும் பதில் தாக்கல் செய்துவிட்டார்கள். வாகனத்தை நான் முறையாகப் பராமரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சர்வீஸ் செய்த டீலரே அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் மூன்றைத் தாக்கல் செய்யச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறேன்: வண்டியின் ஸ்கேன் பதிவு, ஆயில் குறைவு என்று எழுதியதற்கான அளவுக் குறிப்பு, இந்த மாடலில் 2021இலிருந்து மாற்றிக் கொடுத்த ஹாஃப் இன்ஜின்களின் கணக்கு. முதல் இரண்டுக்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றாவதற்கு அடுத்த வாய்தாவில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.